ஒப்பந்தம் தோற்க வேண்டி ஓர் அர்ச்சனை

பிரிட்டன் நாடாளுமன்றத்தில் யார் எந்தப் பக்கம் ஓட்டுப் போடுகிறார்கள் என்று நியூ ஜெர்சியில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் கவலைப்பட்டால், ஒன்று அவனுக்கு லண்டனில் வீடு இருக்க வேண்டும், இல்லையென்றால் புத்தி பிசகியிருக்க வேண்டும். எனக்கு லண்டனில் வீடு இல்லை. அந்த ஊரை விமான நிலையத்துக் கண்ணாடி வழியாக மட்டும் பார்த்திருக்கிறேன். சென்னைக்குப் போகும்போது மழை, திரும்பி வரும்போதும் மழை.

நான் வேலை பார்த்த கம்பெனி சரக்கு அனுப்பும் கம்பெனி. அதற்குப் பிரிட்டனில் ஒரு பெரிய கிளை. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறுவது என்று அந்த நாடு முடிவெடுத்திருந்தது. எந்த ஒப்பந்தமும் இல்லாமல் வெளியேறினால், மறுநாள் காலையிலிருந்து கடலைத் தாண்டும் ஒவ்வொரு லாரிக்கும் சுங்கப் படிவம் நிரப்ப வேண்டும். அதைத் தானாகவே நிரப்பும் மென்பொருளை எழுதுவதுதான் எங்கள் குழுவின் வேலை. புராஜெக்டின் பெயரே ‘ஒப்பந்தமில்லாத நாள்’. அப்படிப் பெயர் வைத்த புராஜெக்டில் நான் நிம்மதியாகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தபோது, பிரிட்டிஷ் பிரதமர் அம்மா ஐரோப்பாவுக்குப் போய், பேச வேண்டியதையெல்லாம் பேசி, கையில் ஓர் ஒப்பந்தத்தோடு திரும்பி வந்துவிட்டார்.

என் மூளை இந்த மாதிரி நேரங்களில் மட்டும் மிக வேகமாக ஓடும். ஒப்பந்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறினால் ‘ஒப்பந்தமில்லாத நாள்’ வராது. நாள் வராவிட்டால் புராஜெக்ட் இல்லை, புராஜெக்ட் இல்லாவிட்டால் நான் இல்லை. எச்-ஒன்-பி விசாவில் இருப்பவன் வேலை போனால் இரண்டு மாதத்துக்குள் வேறு வேலை தேட வேண்டும், இல்லையேல் பெட்டி கட்ட வேண்டும். மனைவி வேலை செய்யும் அனுமதியும் என் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் தொங்குகிறது. மகள் பத்தாவது படிக்கிறாள். கிரீன் கார்டு வரிசையிலோ, எனக்கு முன்னால் நிற்பவர்களுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது; நான் நிற்கும் இடத்தில் இப்போதுதான் காதோரம் ஆரம்பித்திருக்கிறது.

இதற்கு ஒரு சுலபமான வழி இருந்தது. இரண்டு அறை தள்ளி உட்கார்ந்திருக்கும் மேலாளர் அம்மையாரிடம் போய், “ஒப்பந்தம் நிறைவேறினால் நம் புராஜெக்ட் என்ன ஆகும்?” என்று கேட்டிருக்கலாம். ஆனால் விசாக்காரர்களிடையே எழுதாத விதி ஒன்று உண்டு. மேலாளரிடம் புராஜெக்டின் ஆயுளை மட்டும் கேட்கக் கூடாது. அதுவரை அதைப் பற்றி யோசிக்காமல் இருந்தவருக்கு நாமே யோசனை எடுத்துக் கொடுத்ததாகிவிடும். எனக்குத் தெரிந்த எல்லோரும், பிள்ளையின் பரீட்சை முடிவைக் கேட்கப் பயப்படும் பெற்றோரைப் போல, இந்த விதியைக் கடைப்பிடிக்கிறார்கள். அதனால் இரண்டு அறை தள்ளி இருந்த ஒருவரைக் கேட்பதை விட்டுவிட்டு, அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த அறுநூற்றுச் சொச்சம் பேரைக் கண்காணிக்க ஆரம்பித்தேன்.

பயத்தில் ஆரம்பித்தது, பார்க்கப் பார்க்க வேறொன்றாக மாறியது. அந்தச் சபையில் எல்லா உறுப்பினர்களும் உட்கார இடமே கிடையாது என்பது எனக்கு முதல் ஆச்சரியம். நாட்டையே இரண்டாக்கும் ஓட்டு நடக்கும் நாளில் பாதிப் பேர் வாசற்படியில் நிற்கிறார்கள், ரயில் பெட்டி மாதிரி. பேச வாய்ப்பு வேண்டுமென்றால் ஒருவர் பேசி முடிக்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார வேண்டும். சபாநாயகர் கண்ணில் படும்வரை அந்தத் தோப்புக்கரணம்தான். எல்லாவற்றையும் விட, ஓட்டு. கையைத் தூக்குவதில்லை, பொத்தானை அழுத்துவதில்லை. ஆம் என்பவர்கள் ஒரு தாழ்வாரம் வழியாகவும் இல்லை என்பவர்கள் இன்னொரு தாழ்வாரம் வழியாகவும் நடந்து போகிறார்கள். வாசலில் நின்று தலையை எண்ணுகிறார்கள். எண்ணியவர்கள் நான்கு பேரும் வரிசையாக வந்து, குனிந்து வணங்கி, முடிவைப் படிக்கிறார்கள். அலுவலகத்தில் ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டிக்கொண்டு இதையெல்லாம் பார்த்தேன். வீட்டிலும் பார்த்தேன்.

“அப்பா, யூ டோன்ட் ஈவன் லிவ் தேர்” என்றாள் மகள்.

“அங்க அவங்க நடந்தா, இங்க நாம நடக்கணும்டி” என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. எனக்கு மட்டும் விளங்கி என்ன ஆகப்போகிறது?

மனைவியிடம் மனம்விட்டுச் சொன்னேன்.

“டீல் தோத்தா மொட்டை போடறேன்னு வேண்டிக்கலாமான்னு பாக்கறேன்.”

“மொட்டையா? ஜூன்ல சென்னைல விசா ஸ்டாம்பிங் இருக்குங்க. இருக்கற போட்டோவைப் பாத்தே அது நீங்கதானான்னு ரெண்டு வாட்டி கேக்கறான்.”

“அப்ப அர்ச்சனை?”

“பண்ணிக்கோங்க. பெருமாள்கிட்ட இந்த ஐரோப்பா கதையெல்லாம் எக்ஸ்ப்ளெய்ன் பண்ணாதீங்க. பின்னாடி கியூ நிக்கும்.”

பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயில் என் அலுவலகத்திலிருந்து காரில் பக்கம். முதல் ஓட்டுக்கு முந்தைய வார இறுதியில் போனேன். பட்டர் பெயர், நட்சத்திரம், கோத்திரம் கேட்டார். சொன்னேன். அவர் மந்திரம் சொல்ல, நான் கண்ணை மூடி, “பெருமாளே, அந்த ஒப்பந்தம் தோற்கணும், நல்ல வித்தியாசத்தில் தோற்கணும்” என்று மனதுக்குள் சொன்னேன். பக்கத்தில் ஒரு குரல், மனதுக்குள் சொல்வதாக நினைத்து, வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தது:

“அப்பனே, உந்த ஒப்பந்தம் எப்பிடியாவது பாஸாக வேணும்.”

கண்ணைத் திறந்தேன். என் அம்மா வயதிருக்கும், பருத்திச் சேலைக்கு மேல் தடித்த குளிர் கோட்டு, யாழ்ப்பாணத் தமிழ். நியூ ஜெர்சியில் இத்தனை கோடிக் கவலைகள் இருக்க, ஒரே சன்னிதியில், ஒரே கற்பூரத்தில், ஒரே ஒப்பந்தத்துக்கு எதிரும் புதிருமாக இரண்டு மனு.

ஆர்வம் தாங்காமல் கேண்டீனில் அவர் எதிரே போய் உட்கார்ந்தேன். தட்டில் தோசையை வைத்துக்கொண்டு, “எந்த ஒப்பந்தம் ஆன்ட்டி?” என்று ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன்.

“லண்டன் ஒப்பந்தம்தான் தம்பி, வேற என்ன. என்ர மகள் அங்கதான் இருக்கிறா. மருமகன் பாரிஸில வளந்தவர், பிரெஞ்சுப் பாஸ்போர்ட். ஒப்பந்தம் சரிவந்தா அவர் இருக்கலாமாம். சரிவராட்டி என்ன நடக்குமெண்டு ஒருத்தருக்கும் தெரியாதாம். சட்டம் தெரிஞ்சவை பயப்பட வேண்டாமெண்டுதான் சொல்லினம். ஆனா பயப்படாம இருக்கிறது எப்பிடியெண்டு அவை சொல்லேல்லை.”

அந்தக் கடைசி வரி என் வாயிலிருந்து வந்திருக்க வேண்டியது.

“நீர் என்ன வேண்டினனீர்?”

“நானா? பொதுவா, ஆன்ட்டி. உலக நன்மைக்கு.”

முதல் ஓட்டில் ஒப்பந்தம் தோற்றது. சாதாரணத் தோல்வி இல்லை, ஆளுங்கட்சியின் ஆட்களே கூட்டமாக எதிர்த் தாழ்வாரத்தில் நடந்துபோன தோல்வி. மேசைக்கடியில் சந்தோஷமாகத் தொடையைத் தட்டிக்கொண்டேன். அந்த வாரம் கோயிலில் நன்றித் தேங்காய் உடைத்தேன். ஆன்ட்டி கேண்டீனில் இருந்தார். மகன் அலுவலகம் போகும் வழியில் இறக்கிவிட்டுப் போவாராம். பூக்கட்டிவிட்டு மாலையில் திரும்புவாராம். என்னைக் கண்டதும் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். நான் நாடாளுமன்றம் பார்க்கிற ஆள் என்று தெரிந்ததிலிருந்து என்னைத் தன் சொந்த நிருபராக நியமித்துக்கொண்டிருந்தார்.

“ஏன் தம்பி உவை ஓட்டுப் போட நடக்கினம்? கை உயர்த்தினாக் காணாதோ?”

“நடந்தா யோசிக்க டைம் கிடைக்கும்னு நினைக்கறேன் ஆன்ட்டி.”

“இவ்வளவு நடந்தும் யோசிச்சமாதிரித் தெரியேல்லையே.”

இரண்டாம் ஓட்டு வந்தது. இதற்குள் நான் ஒரு சூட்சுமத்தைக் கண்டுபிடித்திருந்தேன். தலையெண்ணிய நால்வரும் சபாநாயகர் முன் வந்து நிற்கும்போது, ஜெயித்த தரப்பின் ஆட்கள் எப்போதும் ஒரே பக்கம் நிற்பார்கள். முகங்களைத் தெரிந்துவைத்திருந்தால், எண் படிக்கப்படுவதற்கு ஒரு மூச்சு முன்னாலேயே முடிவு தெரிந்துவிடும். தெரிந்தது. ஒப்பந்தம் மறுபடி தோற்றது. எனக்கு இரண்டாவது தேங்காய்.

ஆனால் அந்த வாரம் ஆன்ட்டியின் காபி ஆறிக் கிடந்தது. மருமகன் பாரிஸில் வேலை தேட ஆரம்பித்துவிட்டாராம். மகள் வீட்டில் பெட்டிகளை இறக்கிவைத்திருக்கிறாளாம். பேரப்பிள்ளைக்குப் பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாதாம். ஆன்ட்டி அழவில்லை, “எத்தினை தரம்தான் ஊர் மாறுறது தம்பி” என்று மட்டும் கேட்டார். அவர் எத்தனை தரம் மாறியிருந்தார் என்று நான் கேட்கவில்லை. தோசைத் தட்டைத் தள்ளிவைத்தேன். நான் பெட்டி கட்டாமலிருக்க, இன்னொருவர் பெட்டி கட்ட வேண்டும் என்று கூசாமல் தேங்காய் உடைத்திருக்கிறேன். எனக்கு அந்த ஒப்பந்தத்தால் என்னதான் ஆகும்? அதையாவது சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று முதல் தடவையாகத் தோன்றியது.

மறுநாள் விதியை மீறினேன். மேலாளர் அம்மையாரின் அறைக் கதவைத் தட்டினேன். கேட்டேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஒப்பந்தம் நிறைவேறினாலும் அவர்கள் வெளியேறத்தானே போகிறார்கள், சில காலம் கழித்து இதே படிவங்கள் வரத்தானே போகின்றன என்றார். இன்னும் நிதானமாக, ஒழுங்காகச் செய்யலாம். ஒப்பந்தம் வந்தால் நமக்கு வேலை கூடும் என்றார். “நமக்கு ஆபத்து ஒன்றே ஒன்றுதான். மனசு மாறி, வெளியேறவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களென்றால் புராஜெக்ட் குப்பைக்கூடைக்குப் போகும். தெருவில் ஊர்வலம் போகிறவர்களைப் பார்த்தாயா?”

பார்த்திருந்தேன். ரசித்துப் பார்த்திருந்தேன். நல்ல நல்ல பதாகைகள்.

அதாவது, இத்தனை நாளும் எந்த ஒப்பந்தம் என் வேலையைக் காப்பாற்றியிருக்குமோ அதைத் தோற்கடிக்க நான் அர்ச்சனை செய்திருக்கிறேன். ஆவணத்தைப் படிக்காமல் வேலையை ஆரம்பிப்பது எங்கள் தொழிலின் குலவழக்கம். அதைக் கடவுள் வரை கொண்டுபோனவன் நானாகத்தான் இருப்பேன்.

இரண்டு வாரம் கழித்து அந்தச் சபை, சரி, உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு மாற்று வழியாக ஓட்டுக்கு விட்டது. எல்லாவற்றுக்கும் ‘வேண்டாம்’. ஞாயிற்றுக்கிழமை எந்த ஓட்டலுக்குப் போகலாம் என்று என் வீட்டில் கேட்டால் நடப்பது அப்படியே நடந்தது. சிரித்தேன். பிறகு அந்த மாற்று வழிகளில் ஒன்று என் வேலையைத் தின்றுவிடக்கூடியது என்று நினைவு வந்து சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

மூன்றாம் ஓட்டு, எங்கள் ஊர்க் கணக்கில் வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. கேண்டீன் இன்னும் திறக்கவில்லை. அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, கோயில் பார்க்கிங்கில் என் காருக்குள் ஹீட்டரைப் போட்டு, போனை டாஷ்போர்டில் சாய்த்துவைத்து, ஆன்ட்டியும் நானும் உட்கார்ந்திருந்தோம். பூக்கூடை அவர் மடியில்.

“இன்னிக்கு நானும் உங்க பக்கம்தான் ஆன்ட்டி.”

“அப்ப இவ்வளவு நாளும் எந்தப் பக்கம்?”

வாயை விட்டுவிட்டேன். விழித்தேன்.

“முழியாதையும். எனக்கு அப்பவே தெரியும். உலக நன்மைக்கு வேண்டுறவன் ரெண்டு தரம் தேங்காய் உடைக்கமாட்டான்.”

“வேலை, விசா, அப்படி இப்படின்னு பயந்துட்டேன் ஆன்ட்டி.”

“அது தெரியும். இப்ப ஏன் கட்சி மாறினனீர்?”

“இப்பவும் அதே பயம்தான். டைரக்ஷன்தான் மாறிடுச்சு.”

அவர் பூக்கூடை குலுங்கச் சிரித்தார். திரையிலும் முன்பு இரண்டு தடவை ‘இல்லை’ என்று நடந்த சிலர், இந்தத் தடவை ‘ஆம்’ பக்கம் நடந்துபோனார்கள். அவர்களை நான் நன்றாகப் புரிந்துகொண்டேன். அவர்களுக்கும் வீட்டில் யாராவது ஏதாவது சொல்லியிருப்பார்கள்.

நால்வரும் வரிசையாக வந்தார்கள். யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று பார்த்தேன். ஒரு மூச்சு நேரம், தோற்றது எனக்கு மட்டும் தெரியும். பக்கத்து இருக்கையில் ஆன்ட்டி இன்னும் உதடு அசைய வேண்டிக்கொண்டிருந்தார். இந்தச் சூட்சுமத்தை ஏன் கற்றுக்கொண்டோம் என்றிருந்தது. எண்ணைப் படித்தார்கள்.

“தோத்திட்டுதோ?”

“ஆமா ஆன்ட்டி.”

“இனி என்ன செய்வினம்?”

“டைம் கேப்பாங்க. எக்ஸ்டென்ஷன்.”

“அதுவரைக்கும் மருமகனுக்கு?”

“அதுவரைக்கும் எதுவும் மாறாது. இருக்கற மாதிரியே இருக்கலாம்.”

அவர் உடனே மகளை அழைத்தார். “பிள்ளை, பாத்தனியே? ... ஓம், தோத்ததுதான். ஆனா ஒண்டும் மாறாதாம், இங்க ஒரு தம்பி சொல்றார். அந்தப் பெட்டியளைத் திரும்ப மேல வை.” எதிர்முனையில் ஏதோ கேள்வி. “எத்தினை நாளைக்கெண்டு எனக்கென்ன தெரியும்? மேல வை.”

அவர் பேசிக்கொண்டிருந்தபோது நான் மேலாளருக்கு ஒரு செய்தி அனுப்பினேன். ஒரு தடவை கேட்டுப் பழகிவிட்டால் நிற்காது போலிருக்கிறது: நம் புராஜெக்ட் எதுவரை?

பதில் வந்தது. ஆன்ட்டி எட்டிப் பார்த்து, “என்னவாம்?” என்றார். எங்கள் மேலாளர் அம்மா சொல்வது என்று தமிழாக்கிப் படித்துக் காட்டினேன். அந்தக் கட்டடத்துக்குள் இருப்பவர்களுக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும், திங்கட்கிழமை வழக்கம்போல் வா.

“பரவாயில்லையே” என்றார் ஆன்ட்டி, கதவைத் திறந்துகொண்டே. “உந்தப் பாராளுமன்றத்தை விட இவ திறம். ஒரு நாளாவது சொல்லியிருக்கிறா.”