கை வைக்காதீங்க

ஸ்டெல்லாமேரியின் வாயில் ஒரு நாளைக்கு நூறு தடவை வரும் பேச்சு அது. தட்டாஞ்சாவடியில் பிளாஸ்டிக் குழாய்களுக்குக் குரோம் பூசும் கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருஷம் செக்கிங் மேஜையில் உட்கார்ந்தவள். கையுறை போட்ட கையால் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, இம்மி கீறல் இருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தூர வைப்பாள். மேனேஜரே வந்து கெஞ்சினாலும் அந்த ஸ்டிக்கரை எடுக்க மாட்டாள். கம்பெனியை மூடிய பிறகு, கருவடிக்குப்பத்து வீட்டின் பின்னறையில், பழைய கார்களின் குரோம் போன பிளாஸ்டிக் பாகங்களைப் புதுசாக்கித் தருகிறாள். வேலையில் ஒரு தொல்லையும் இல்லை. கார் வைத்திருக்கிறார்களே, அவர்கள்தான் தொல்லை.

அதிலும் ஜோசப் ஆனந்த் இருக்கிறாரே. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். மனைவி தவறியபின் அவருக்கென்று இருப்பது மகள் லினெட்டும் முப்பது வருஷத்துக் கான்டெஸ்ஸா காரும்தான். அந்தக் காரின் முன் கிரில்லைச் சுற்றியிருந்த சட்டத்தில் குரோம் உரிந்து பிளாஸ்டிக் பல்லை இளித்தது. கடற்கரையில் பழைய கார் கண்காட்சி வருகிறது, அதற்குள் சரி செய்ய வேண்டும் என்று கொண்டு வந்தார். ஊரிலுள்ள பழைய கார்க்காரர்கள் அத்தனை பேரும் அங்கே கூடுவார்கள். அவர்கள் கண்ணில் தன் வேலை ஒரு தடவை பட்டால் போதும், பிறகு வேலை தேடி அலைய வேண்டியதில்லை என்று ஸ்டெல்லாமேரியும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டாள்.

பழைய குரோமை மருந்தில் ஊறவைத்து உரித்து, தேய்த்து, கறுப்புப் பெயின்ட் அடித்து, அதில் முகம் தெரிந்த பிறகுதான் மேலே குரோம் பெயின்ட்டை மெலிசாக அடிக்க வேண்டும். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. பதினைந்து நாள் யார் விரலும் படக் கூடாது. பட்டால் ரேகை அப்படியே பதிந்து நிற்கும். இதைச் சொன்னால் யாருக்குப் புரிகிறது.

"கை வைக்காதீங்க அண்ணே. பதினஞ்சு நாள். சொல்லிட்டேன்."

"நான் ஏம்மா கை வைக்கப் போறேன்" என்றார் ஜோசப் ஆனந்த். மூன்றாம் நாளே காய்ந்துவிட்டதா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு வந்து நின்றார்.

மறுபடியும் உரித்து அடித்தாள். இந்தத் தடவை மனிதர் காரில் மாட்டிய கையோடு மாதா கோவிலுக்கு ஓட்டிப்போய் மந்திரித்துக்கொண்டு வந்துவிட்டார். ஃபாதர் தாராள மனசுக்காரர், தீர்த்தத்தை அள்ளித் தெளித்திருந்தார். சட்டம் முழுக்கப் புள்ளி புள்ளியாக விழுந்திருந்ததைப் பார்த்து ஸ்டெல்லாமேரிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"முப்பது வருஷமா ஓடற வண்டி. இப்ப என்னாத்துக்கு அண்ணே மந்திரிப்பு?"

"கிரில்லு புதுசாச்சேம்மா."

இந்த ஆளிடம் பேசி என்ன பிரயோஜனம். மூன்றாவது தடவையும் அடித்துக் கொடுத்தாள். சரியாக ஐந்தாம் நாள் லினெட்டுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் பாரிசில் வேலை. மகளை அந்தக் காரில்தான் கோவிலுக்கு அழைத்துப்போவேன் என்று அப்பா ஒற்றைக் காலில் நின்றார். வேறு வழியில்லாமல் ஸ்டெல்லாமேரி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு காருக்குக் காவல் போனாள். பூ அலங்காரத்துக்கு வந்த விக்ரம் செல்லோடேப்போடு கிரில் பக்கம் குனிந்தான்.

"தம்பி, அங்க டேப்ப ஒட்டுன, நடக்கறதே வேற" என்றாள். அவன் பயந்துபோய் பூவையெல்லாம் நூலால் பானட்டோடு கட்டிவிட்டுப் போனான். பந்தி இரண்டு முடிந்தும் சாப்பிடப் போகாமல் வெயிலில் காரோடு நின்றாள்.

கிளம்பும் நேரம் லினெட் அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். விலகித் திரும்பும்போது கவுன் காலில் சிக்கித் தடுமாறி, விழாமலிருக்கக் காரைப் பிடித்தாள். பிடித்த இடம் கிரில் சட்டம். நாலு விரலும் அழுத்தமாக. அழுதுகொண்டிருக்கும் கல்யாணப் பெண்ணிடம் என்னவென்று சொல்வது. ஸ்டெல்லாமேரி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

கண்காட்சிக்கு முந்தின நாள் காலை, உப்புத்தாளும் பெயின்ட் டப்பாவுமாக ஜோசப் ஆனந்தின் வீட்டுக்குப் போனாள். லினெட் விமானம் ஏறி மூன்று நாள் ஆகியிருந்தது. காருக்கு எதிரில் நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். இவள் குனிந்து உப்புத்தாளை எடுத்ததும் எழுந்து குறுக்கே வந்தார்.

"கை வைக்காத, ஸ்டெல்லா."

"இந்த மூலைய மட்டும்தான் அண்ணே. அரை மணி நேர வேலை."

"வேணாம்மா."

"நாளைக்கு ஊரே பாக்கும். ஸ்டெல்லாமேரி வேலை இவ்ளோதானான்னு கேக்கும். மூணு தடவ அடிச்சிருக்கேன் இத. எனக்குன்னு ஒரு பேர் வேணாமா?"

அவர் அந்த நாலு விரல் தடத்தின் பக்கம் கையைக் கொண்டுபோனார். பதினைந்து நாள் சும்மா இருக்கத் தெரியாத அந்தக் கை, ஒரு விரற்கடை தள்ளியே நின்றது.

"ரெண்டு வருஷம் கழிச்சுதான் வருவாளாம்" என்றார்.

ஸ்டெல்லாமேரி உப்புத்தாளை மடித்தாள். அப்புறம் பெயின்ட் டப்பாவைப் பையில் போட்டாள். கையுறையை மாட்டிக்கொண்டு மெத்தென்ற துணியால் சட்டத்தைத் துடைத்தாள், தடம் இருந்த இடத்தை மட்டும் விட்டு.

"யாரு கேட்டாலும் இது உங்க பொண்ணு கைன்னு சொல்லணும். என் வேலைல பழுதுன்னு யாரும் பேசக் கூடாது."

"சொல்றேம்மா."

"தண்ணி ஊத்திக் கழுவிடாதீங்க. யாரையும் கிட்ட விடாதீங்க. இன்னும் நாலு நாள் இருக்கு அண்ணே, அது நல்லா பதியணும்."