சேலை பிடித்து நின்றவள்

சொர்ணம், உன் பச்சைக் கட்டம் போட்ட சேலை என்னிடம்தான் இருக்கிறது. துவைத்து மடித்து என் தகரப்பெட்டியின் அடியில் வைத்திருக்கிறேன். சாவு வீட்டில் புழங்கிய துணியை வீட்டுக்குள் கொண்டு வந்துவிட்டேன் என்று அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே பெட்டியைத் திறந்து பார்த்தாள். பூச்சி அரிக்காமல் இருக்க இரண்டு கொத்து வேப்பிலையை உள்ளே போட்டு மூடிவிட்டுப் போனாள்.

இதைப் படிக்கிறவர்களுக்குச் சொர்ணம் யாரென்று தெரியாது. நான் நாலாம் வகுப்பு வரைதான் படித்தேன், எனக்குத் தெரிந்தபடி சொல்கிறேன். தென்காசியில் மிஷன் வளாகத்துக்குள் லேஸ் பின்னுகிற கொட்டகை ஒன்று உண்டு. பதினாலு வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். அதே வாரம் சேர்ந்தவள் சொர்ணம். என் இடது பக்கம் அவளுடைய பாய். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். அவள் குற்றாலத்துப் பிள்ளை, அவள் அம்மா அருவிக்கரையில் நல்லெண்ணெயும் சீயக்காயும் விற்கிறவள். சொர்ணம் தினமும் குற்றாலத்திலிருந்து நடந்தே வருவாள், நடந்தே போவாள். சாரல் மாதங்களில் அவள் வந்து உட்கார்ந்தால் பாய் நனைந்துவிடும். லேஸில் ஈரம் படக்கூடாது என்று மேஸ்திரியம்மா திட்டுவாள். அதனால் அவள் ஒரு மாற்றுச் சேலையைக் கொட்டகையின் மூலையில் எப்போதும் வைத்திருந்தாள். அதுதான் இந்தப் பச்சைக் கட்டம்.

கொட்டகைக்குப் பின்னால் பெண்கள் பள்ளியின் மைதானம். சென்னைக்குப் போய் உடற்பயிற்சி படித்து வந்த ஒரு டீச்சரம்மா அங்கே பனைமரத் தண்டு இரண்டை நட்டு, கொல்லரிடம் இரும்பு வளையம் அடித்து மாட்டிக் கூடைப்பந்து ஆரம்பித்தார். பள்ளியில் பெரிய பிள்ளைகள் குறைவு. ஆள் போதாமல் ஒரு நாள் கொட்டகை வாசலில் வந்து நின்றார். "நாள் முழுக்கக் குனிஞ்சே இருந்தா முதுகு என்னத்துக்கு ஆகும்? சாயந்திரம் வந்து கொஞ்சம் ஓடுங்கட்டி" என்றார். எட்டுப் பேர் போனோம். தாவணியை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு ஓடினோம். உலகச் சண்டை நடந்த காலம், புதுப் பந்து எங்கேயும் கிடைக்காது. இருந்த ஒரே பந்தைச் செருப்புத் தைக்கிறவரிடமும் சைக்கிள் கடையிலும் மாற்றி மாற்றிக் கொடுத்து ஒட்டுப்போட்டு ஆடினோம். ஒட்டு இருந்த பக்கம் தரையில் பட்டால் பந்து கோணலாக எழும்பும். எனக்கு அதன் கோணல் முதல் மாதமே பிடிபட்டுவிட்டது. பந்தைத் தட்டிக்கொண்டு போவதில் என்னைப் போல ஆளில்லை என்று டீச்சரம்மா எல்லார் முன்னிலையிலும் சொன்னார். அந்த வார்த்தை என் தலைக்கு ஏறியது. எல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

டீச்சரம்மா ஆண்கள் ஆடும் முறையையே எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். அதில் ஒரு வித்தையை மட்டும் எங்களால் இரண்டு மாதமாகியும் பிடிக்க முடியவில்லை. பந்து வைத்திருக்கிறவளோடு எதிராளி ஒருத்தி ஒட்டிக்கொண்டே வருவாள். அப்போது நம் கூட்டாளி ஒருத்தி ஓடிப்போய் அந்த எதிராளியின் வழியில் அசையாமல் நிற்க வேண்டும். பந்துக்காரி நிற்பவளின் தோளை ஒட்டிக் கடந்து போவாள். எதிராளி நிற்பவள் மேல் முட்டி அங்கேயே நின்றுவிடுவாள். அது பாதி. மீதிப் பாதி, நின்றவள் உடனே திரும்பி, கையைத் தூக்கிக்கொண்டு வளையத்தைப் பார்த்து ஓட வேண்டும். முட்டியவளும், நின்றவளைக் காத்து வந்த இன்னொருத்தியும் இதற்குள் பந்துக்காரியின் மேல் பாய்ந்திருப்பார்கள். ஓடுகிறவளை மறிக்க யாரும் இருக்க மாட்டார்கள். அவளுக்குப் பந்தை எறிந்தால் அவள் நிதானமாகக் கூடையில் போட்டுவிடுவாள்.

கேட்க எளிது. ஆனால் எங்கள் பிள்ளைகளால் நிற்க முடியவில்லை. யாராவது வேகமாக எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்றே எங்களை வளர்த்திருந்தார்கள். தெருவிலும் கோயிலிலும் கிணற்றடியிலும் ஒதுங்கியே பழகிய உடம்பு. முட்டுகிற நேரத்தில் கால் தானாகவே விலகிவிடும். விலகாத பிள்ளைகள் சிரித்துக்கொண்டே எதிராளியைக் கட்டிப்பிடித்துவிடுவார்கள். டீச்சரம்மா விசில் ஊதி ஊதிக் களைத்துப் போனார். கரும்பலகையில் வட்டமும் கோடும் போட்டுக் காட்டினார். வட்டமெல்லாம் நாங்கள் என்பது எங்களுக்கு ஏறவே இல்லை.

ஒரு சனிக்கிழமை டீச்சரம்மா எங்களைக் குற்றாலத்துக்குக் குளிக்கக் கூட்டிப் போனார். நல்ல சாரல். பேரருவியில் பெண்கள் பக்கம் தலைக்குத் தலை இடித்துக்கொண்டு கூட்டம். குளித்து வந்தவர்கள் ஈரத்தை மாற்ற அங்கே அறையெல்லாம் கிடையாது. ஒருத்தி சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்க, அதற்குப் பின்னால் மற்றவள் மாற்றிக்கொள்வாள். சொர்ணம் சிறு பிள்ளையிலிருந்து அம்மாவின் வாடிக்கைக்காரர்களுக்கு அப்படிப் பிடித்து நின்றவள். அன்று எனக்கும் பிடித்தாள். வடகரையிலிருந்து வந்த ஒரு கூட்டம் அவளை இடித்துத் தள்ளியது. ஒரு ஆச்சி, "ஏட்டி, வழிய விட்டு நில்லு, கல்லு மாதிரி நிக்கியே" என்று முதுகில் குத்தினாள். சொர்ணம் கால் இரண்டையும் அகட்டி ஊன்றி, "ஒரு நிமிசம் ஆச்சி, பிள்ளை மாத்துதா" என்றாள். அசையவில்லை. நான் மாற்றி முடித்தேன். அடுத்து நான் சேலையை வாங்கி அவளுக்குப் பிடித்திருக்க வேண்டும். அதுதான் அங்கே முறை. ஆனால் மற்ற பிள்ளைகள் அப்போது சுக்குக் காபிக் கடையை நோக்கி ஓடினார்கள், நானும் ஓடிவிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் ஒரு பாறைக்குப் பின்னால் தனியாக மாற்றிக்கொண்டு, உதடு நீலம் பாரித்து வந்து சேர்ந்தாள்.

திங்கட்கிழமை மைதானத்தில் அவள் அந்தப் பச்சைக் கட்டத்தோடு வந்தாள். டீச்சரம்மா ஆட்டத்தை ஆரம்பிக்கும் முன், "நான் ஒண்ணு காட்டட்டா" என்று கேட்டுச் சேலையை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றாள்.

"எல்லாரும் பாருங்கட்டி. துணி மாத்துதவளுக்கு நான் சேலை பிடிக்கேன். இடிக்க ஒருத்தி வாரா. நான் வெலகுவனா? வெலகுனா உள்ள நிக்கவ மானம் என்ன ஆகும்? அதே நிலைதான் இது. பந்து வச்சிருக்கவள நீ பாக்காதே, வாரவளப் பாரு. அவ வாரதுக்கு முன்னாலயே காலை ஊனிரணும். வந்த பொறவு நகந்தா அது சண்டை."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீயும் கேட்டுக்க எஸ்தரு. நான் வந்து நிக்கதுக்கு முன்னாலயே ஓடிருதே. சேலைய விரிக்கதுக்கு முன்னாலயே துணிய அவுப்பியா?"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீச்சரம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் சொர்ணம் மெதுவாகச் சொன்னாள். "போகும்போது என் தோளை உரசிட்டுப் போ. நடுவுல ஒரு கை நுழையுத எடம் விட்டாலும் மறைப்பு இல்ல. நீ போன பொறவு நான் திரும்பி ஓடி வருவேன். அப்ப எனக்கு யாரு பிடிப்பா? நீதான் பிடிக்கணும். அருவிக்கரையில ஓடுன மாதிரி ஓடிராதே."

அன்றிலிருந்து அந்த வித்தைக்கு எங்களிடையே மறைப்பு என்றே பெயர். ஒரு வாரத்தில் எட்டுப் பேருக்கும் கால் நின்றது. டீச்சரம்மா விசிலைச் சொர்ணத்தின் கையில் கொடுத்துவிட்டு ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார். சொர்ணம் எங்கள் ஒவ்வொருவரின் காலையும் குனிந்து பார்ப்பாள். குதிகால் தூக்கியிருந்தால் அதில் ஒரு தட்டுத் தட்டுவாள். கோயிலின் மொட்டைக் கோபுரத்துப் பக்கமிருந்து சாரல் காற்று அடித்துப் பந்து திசை மாறினாலும் நின்றவள் நின்ற இடத்தில் இருக்க வேண்டும். அவளும் நானும் சேர்ந்தால் யாராலும் தடுக்க முடியாது என்று ஆயிற்று. அவள் வந்து நிற்பாள், நான் தோளை உரசிக் கடப்பேன், பந்து கூடைக்குள் விழும். ஆனால் போடுகிறவள் எப்போதும் நான்தான். மீதிப் பாதியை நான் ஆடவே இல்லை. அவள் ஒவ்வொரு முறையும் திரும்பி, கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள். கையில் பச்சைக் கண்ணாடி வளையல் இரண்டு. நான் அதற்குள் எறிந்திருப்பேன். விழுந்ததும் எல்லாரும் என் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். அவளும் கத்துவாள்.

புரட்டாசியில் பாளையங்கோட்டைப் பக்கமிருந்து ஒரு பள்ளிப் பிள்ளைகள் ஆட வந்தார்கள். அந்த ஒரே ஒரு ஆட்டம்தான் எங்கள் வாழ்க்கையில் ஊரார் பார்த்த ஆட்டம். என் அப்பா வந்திருந்தார். சொர்ணத்தின் அம்மா அன்று கடை போடாமல், எண்ணெய் வாடையோடு வேலியோரம் வந்து நின்றாள். மகள் ஒரு கூடை போடுவதைப் பார்க்க வேண்டும் என்று பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாளாம். எனக்கு அது பிறகுதான் தெரியும். நாங்கள் சமமாகவே வந்தோம். கடைசியில் அவர்கள் ஒரு கூடை முன்னால் போய்விட்டார்கள். நேரம் முடியப்போகிறது. சொர்ணம் வந்து நின்றாள். அவர்களில் உயரமான பெண் ஒருத்தி அவள் மார்பில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. அவள் அசையவில்லை. நான் கடந்தேன். அவர்கள் அதற்குள் வித்தையைக் கண்டுகொண்டார்கள், இரண்டு பேரும் என் மேலே வந்தார்கள். வளையத்துக்கு அடியில் சொர்ணம் தனியாக நின்றாள். கை மேலே இருந்தது. வளையல் முழங்கை வரைக்கும் இறங்கியிருந்தது.

நான் பார்த்தேன். அதை இங்கே எழுதிவிடுகிறேன். நன்றாகப் பார்த்தேன். பார்த்துவிட்டு நானே எறிந்தேன். பந்து இரும்பில் பட்டுத் தெறித்துப் போயிற்று. விசில் ஊதிவிட்டார்கள்.

அவள் என்னிடம் வந்தபோது அவள் வாயைத் திறக்கும் முன்னாலேயே, "நான் உன்னைப் பாக்கலட்டி" என்றேன். அவள் நெஞ்சைத் தடவிக்கொண்டே, "சரி, அடுத்த தடவ பாரு" என்றாள். வேலியோரம் போய் அவள் அம்மாவிடம் என்னவோ சொன்னாள். அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினாள். சொர்ணம் என்ன சொன்னாள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் கொட்டகையில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நனைந்து வருகிறவள்தானே என்றார்கள். வாரம் கடந்தும் பாய் காலியாகவே இருந்ததால் நான் குற்றாலத்துக்கு நடந்து போனேன். ஆஸ்பத்திரி மருந்து சீசா தலைமாட்டில் இருந்தது. அவள் முகம் சின்னதாகிப் போயிருந்தது. அவள் அம்மா கஞ்சி வடிக்க உள்ளே போனதும் சொன்னேன்.

"சொர்ணம், அன்னைக்கு நான் பாத்தேன்."

"தெரியும்."

"எப்படிட்டி?"

"நான் கேக்கவே இல்லியே. அதுக்கு முன்னாலயே பாக்கலன்னுட்டே. பாக்காதவ அப்படிச் சொல்ல மாட்டா." சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்துவிட்டது. அடங்கியதும் என் விரலைப் பிடித்துக்கொண்டாள். "அழாதே, சவம்" என்று செல்லமாகத் திட்டினாள். "எந்திரிச்சு வாரேன், அப்ப குடு."

அவள் எழுந்து வரவில்லை. நாலாம் நாள் விடியற்காலை ஆள் வந்து சொன்னார்கள். கொட்டகை மூலையிலிருந்து அவளுடைய மாற்றுச் சேலையை எடுத்துக்கொண்டு போனேன். எதற்கு எடுத்தேன் என்று தெரியாது. அவள் பொருள் அவளிடம் போகட்டும் என்று நினைத்திருப்பேன்.

குளிப்பாட்டும் நேரம் வந்தது. முற்றத்தில் பெஞ்சைப் போட்டார்கள். பெண்கள் சுற்றி நின்று சேலை பிடிக்க வேண்டும். மூன்று பக்கமும் ஆள் வந்துவிட்டது. வாசல் பக்கம்தான் கூட்டம் அதிகம், அங்கே ஒருத்தி வேண்டும். நான் பச்சைக் கட்டத்தை விரித்துக்கொண்டு போனேன். சொந்தக்காரி ஒருத்தி, "வேதக்காரப் பிள்ளை பிடிக்கலாமா?" என்று கேட்டாள். சொர்ணத்தின் அம்மா தரையிலிருந்து தலையைத் தூக்கினாள். "அவ பிடிக்கட்டும். அவளுக்குத்தான் இவ நின்னா" என்றாள்.

கால் இரண்டையும் அகட்டி ஊன்றினேன். குதிகால் தரையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். உள்ளே பார்க்கவில்லை. தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் பின்னால் கேட்டது. வருகிறவர்களைப் பார்த்தேன். மாரடித்துக்கொண்டு ஓடி வந்த பெண்கள் என் மேல் மோதினார்கள். ஒரு பாட்டியின் தலை என் தாடையில் இடித்தது. "கை வலிச்சா மாத்திக்கிடுதோம் மோளே" என்று மலையாளம் கலந்து பேசும் செங்கோட்டை அத்தை ஒருத்தி சொன்னாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். கடைசிவரை நின்றேன். மஞ்சள் பூசி, புதுச்சேலை சுற்றி, அவளைத் தூக்கும்வரை அந்தப் பக்கம் ஒரு விரல் இடம்கூட விடவில்லை.

எல்லாம் முடிந்து சேலையை அவள் அம்மாவிடம் நீட்டினேன். "நீயே வச்சுக்கம்மா" என்று என் கையிலேயே அழுத்திவிட்டாள்.

தை பிறந்ததும் டீச்சரம்மா விசிலை என்னிடம் கொடுத்தார். எனக்கு வேண்டாம் என்று இரண்டு வாரம் சொன்னேன். நேற்றுத்தான் போனேன். புதுப் பிள்ளைகள் ஆறு பேர். பெட்டியிலிருந்து சேலையை எடுத்துக்கொண்டு போய், வேப்பிலையை உதறிவிட்டு, சொர்ணம் நின்ற இடத்தில் விரித்துப் பிடித்துக் காட்டினேன். அவள் சொன்ன வார்த்தைகளையே சொன்னேன், அந்தச் சிரிப்பு மட்டும் வரவில்லை. ஒரு சட்டம் நானாகச் சேர்த்தேன். கை தூக்கி வருகிறவளுக்குக் கொடுக்காமல் தானே போட்டால் அந்தக் கூடை கணக்கில் இல்லை. முதல் முறை பந்துக்காரி கடந்து போய், திரும்பி ஓடி வந்தவளுக்கு எறிந்தாள். அவளுக்குப் பிடிக்கத் தெரியவில்லை, பந்து கைதவறி வேலிக்கு ஓடிவிட்டது. எடுத்துக் கொடுக்கத் திரும்பினேன். வேலியோரம் அன்று சொர்ணத்தின் அம்மா நின்றிருந்த இடம் வெறுமையாக இருந்தது.

சேலை மறுபடியும் பெட்டிக்குள் போய்விட்டது. இதைப் படித்தவர்கள், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும், இன்று விளக்கேற்றும்போதோ முழங்காலில் நிற்கும்போதோ குற்றாலத்துச் சொர்ணம் என்று ஒருமுறை பெயரைச் சொல்லி அவளுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். அவளுக்கு இனிக் குளிரக்கூடாது. என் வேண்டுதல் அவ்வளவுதான்.