நான் நிறுத்திய இடம்

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு டிசம்பர் மாதத்தின் முதல் ஞாயிறு. விசுவமடுவில் எங்கள் சிறிய தேவாலயத்துக்குள் அன்று நிற்க இடமில்லை. கிளிநொச்சிப் பக்கமிருந்து சண்டையால் இடம்பெயர்ந்த குடும்பங்கள் வளவு முழுவதும் தறப்பாள் கூடாரம் கட்டியிருந்தன. வெள்ளம் வடிந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. உட்காரும் வாங்குகளின் கால்களில் சேறு இருந்தது.

கிறிஸ்துவின் வருகைக்காகக் காத்திருக்கும் நான்கு ஞாயிறுகளில் அது இரண்டாவது. பழைய ஏற்பாட்டுப் பகுதியை வாசிக்கும்படி போதகர் என்னிடம் சொல்லியிருந்தார். படிப்பிக்கிறவள், தடக்குப்படாமல் வாசிப்பாள் என்று நினைத்திருப்பார்.

என் மக்களைத் தேற்றுங்கள் என்று கடவுள் சொல்வதில் அந்தப் பகுதி தொடங்கும். அதை வாசித்துவிட்டேன். பிறகு, மனிதரெல்லாம் புல்லைப் போன்றவர்கள், புல் உலர்ந்துபோகும் என்று வரும். அந்தக் கிழமைதான் என் வகுப்புப் பிள்ளைகள் இருவரை அடக்கம் செய்திருந்தோம். அந்த வரியோடு வாசிப்பை நிறுத்திவிட்டேன். வேதாகமத்தை அப்படியே விரித்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். போதகரும் தலை குனிந்திருந்தார்.

நடுவிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அக்கராயன் கிராமத்திலிருந்து வந்தவள். விட்டுவந்த நெல் மூட்டைகளை எடுக்கப் போன அவள் கணவன் ஷெல் விழுந்து இறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையிலிருந்த சின்னவளை மூத்தவளிடம் கொடுத்துவிட்டு முன்னே வந்தாள்.

"எவடத்திலை நிப்பாட்டினனீங்கள், ரீச்சர்?"

நிறுத்திய வரியை விரலால் காட்டினேன். அவள் எழுத்துக்கூட்டி, மெதுவாக வாசித்தாள். புல் உலர்ந்தாலும் கடவுளின் வார்த்தை நிற்கும் என்ற இடத்தையும், அவர் மேய்ப்பனைப் போல ஆட்டுக்குட்டிகளைக் கையில் ஏந்துவார் என்ற இடத்தையும் வாசித்து முடித்தாள். பிறகு போய்ப் பிள்ளையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஆராதனை முடிந்ததும் அவளைத் தேடிப் போனேன். தறப்பாளுக்கு வெளியே நனைந்த விறகை ஊதிக்கொண்டிருந்தாள்.

"உங்களாலை எப்பிடியம்மா வாசிக்க முடிஞ்சது? எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லாமப் போச்சே."

"எனக்கு மட்டும் எங்கை இருக்கு, ரீச்சர்? நீங்கள் நிப்பாட்டினது செத்துப்போற இடத்திலை. பிள்ளையள் கேட்டுக்கொண்டிருக்குதுகள். அதோடை விட ஏலாது. மிச்சமும் எழுதியிருக்குத்தானே."

நம்பிக்கை என்பது மனதில் முதலில் ஊறவேண்டியது, அதன் பிறகுதான் வாயால் சொல்லலாம் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். மனம் வறண்டு கிடந்தபோதும் வாக்கின் மீதியைப் பிள்ளைகளுக்காக வாசித்தவள் அவள். அதை நம்பிக்கை என்று அவளே ஒத்துக்கொள்ளவில்லை. நானோ அதற்கு வேறு பெயர் தேடவில்லை.

தை மாதம் எல்லோரும் கிழக்கே நகர்ந்தபோது சனத்துக்குள் அவர்களைத் தவறவிட்டேன். பல மாதம் கழித்து, பகுதிகளை முள்ளுக்கம்பி பிரித்த வவுனியா முகாமில், தண்ணீர் எடுக்கக் கம்பியோரம் வந்த ஒருத்தி என்னைக் கண்டு அடையாளம் பிடித்தாள்.

"அக்கராயன் அக்காவும் ரெண்டு பிள்ளையளும் கம்பிக்கு அங்கால இருக்கினம். உங்களைக் கண்டால் வடிவாச் சாப்பிடச் சொல்லச் சொன்னவா."

"ஓம், சாப்பிடுறன் எண்டு சொல்லுங்கோ" என்றேன். கம்பிக்கு அப்பால் போக எங்களுக்கு அனுமதி இல்லை. அன்று மத்தியானம் வரிசையில் நின்று சோறு வாங்கி, சாப்பிட மனமில்லாதபோதும் முழுவதையும் சாப்பிட்டேன்.