தாய் பாட்டிலும் ஒரு மூக்கும்

அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவள் தீப்பெட்டி. நாள் முழுக்க ஸ்பிரிட் விளக்கில் கத்தியைச் சுட்டுச் சுட்டுச் செடி வெட்டுவதால் வந்த பெயர் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். திருத்த யாருக்கும் தைரியமில்லை.

பாட்டில் கழுவ வந்தவள். இப்போது செடி வளர்ப்புக் கூடத்தில் அவள் கைதான் முதல் கை. உருளைக்கிழங்குச் செடியை வைரஸ் பிடித்தால் மருந்து கிடையாது. ஆனால் குருத்தின் நுனியில், கடுகைவிடச் சின்ன ஓரிடத்தை அது பெரும்பாலும் எட்டாது. அந்த நுனியை வெட்டி, காற்றுக் கிருமிகூடப் படாமல் பாட்டிலுக்குள் ஊட்டக் கூழில் வைத்து வளர்க்க வேண்டும். அவள் வைத்ததில் முக்கால்வாசி செத்தது, மிச்சம் சோதனையில் தோற்றது. தேறியது ஒரே செடி. அதுதான் தாய் பாட்டில். அதை வெட்டி வெட்டித்தான் ஆயிரம் நாற்றாக்க வேண்டும்.

அந்த நாற்றுக்காக அவள் தம்பி காத்திருந்தான். இரண்டு பருவமாக அவன் வயலில் இலை சுருண்டு, கிழங்கு கோலிக்குண்டு அளவிலேயே நின்றுவிட்டது. இந்தத் தடவையும் போனால் நிலத்தை விற்றுவிடுவதாகச் சொல்லியிருந்தான்.

இந்த நேரம் பார்த்து மேனேஜர் முதலாளியின் மருமகனைக் கூட்டிவந்தார். செருப்போடு. மருமகன் தாய் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, மூக்கை உள்ளே விட்டார்.

“வாசமே இல்லையே.”

“மூக்கை எடுய்யா வெளியே!”

கத்தியது தீப்பெட்டிதான்.

“ஒரு பாட்டிலுக்கா இந்தக் கத்து கத்தறே?” என்று மேனேஜர் பல்லைக் கடித்தார்.

“அது தாய் சார்!”

“யாரோட தாய்?” மருமகன் பயந்தே போனார்.

“நீங்க திங்கப்போற கிழங்கோட தாய்! தும்மினீங்களா? உண்மையைச் சொல்லுங்க.”

“இல்லம்மா… லேசா.”

முறைப்படி, அந்தச் செடியின் ஒரு துண்டு காப்புக்காக இன்னொரு பாட்டிலில் பக்கத்து அறை அலமாரியில் இருந்திருக்க வேண்டும். அந்த அலமாரியைத்தான் மேனேஜர் தன் குளிர்பானங்களுக்கு எடுத்துக்கொண்டிருந்தார்.

அவள் சாப்பிடப் போகவில்லை. செடியை ப்ளீச் தண்ணீரில் முக்கி, அலசி, துண்டு துண்டாக வெட்டிப் புதுப் பாட்டில்களில் வைத்தாள். முகமூடிக்குள் வாய் ஓயவில்லை. துண்டுக்கு ஒருவராக மேனேஜரின் முன்னோர்கள் அத்தனை பேரும் வந்துபோனார்கள்.

வாரம் முடிவதற்குள் பாட்டில்களில் பஞ்சு பஞ்சாகப் பூஞ்சை. ஒன்றே ஒன்று தப்பியது.

“பாத்தியா, பொழச்சிருச்சு. வீணா கத்தினே,” என்றார் மேனேஜர்.

அவள் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். ஒன்றை மறுபடி ஆயிரமாக்குவதற்குள் பருவம் போய்விடும். அதைத் தம்பியிடம் சொல்லப்போவது இந்த ஆளா?

“டேய், இந்தப் பருவத்துக்கு நாத்து இல்லடா.”

போனில் அவன் வாய் திறக்குமுன்னே அடுத்ததையும் சொன்னாள்.

“நிலத்தை வித்தேன்னு காதுல விழுந்துச்சு, காலை உடைச்சிருவேன்.”

“நான் ஒண்ணும் சொல்லலையேக்கா.”

“சொல்லாதே! அடுத்த பருவம் முதல் நாத்து உனக்குத்தான்.”

“சரி, அதுவரைக்கும் அவரைக்காய் போடறேன். நீ சாப்டியா?”

“பசிக்கல!” என்று கத்திவிட்டு வைத்தாள். அப்புறம் வெகுநேரம் மூக்கைச் சிந்தினாள். ப்ளீச் நெடியாம்.

மறுநாள் கூடத்துக் கதவில் ஓர் அட்டை தொங்கியது. யார் எழுதியது என்று மேனேஜர் கேட்கவே இல்லை.

“தாய் உள்ளே இருக்கிறாள். செருப்பையும் மூக்கையும் வெளியே கழற்றிவிட்டு வரவும்.”