சும்மா போகிற சூடு

நம் வகுப்பு குரூப்பைத் தாண்டி இதை யாருக்கும் காட்டிவிடாதீர்கள். அண்ணன் போனில் திருட்டுத்தனமாக எழுதுகிறேன்.

மாலையில் போர்வெல் உப்புத் தண்ணீரைக் குக்கரில் காய்ச்சினேன். ஆவி போகும் குழாயை இன்னொரு உப்புத் தண்ணீர் வாளிக்குள் சுற்றிவிட்டேன். ஆவி குளிர்ந்து குடிநீராகச் சொட்டியது. வாளித் தண்ணீர் சும்மாவே சூடானது. அடுத்து அதையே காய்ச்சினால் கேஸ் மிச்சம்.

கம்பெனியில் ஓ.டி. முடித்து வந்த அப்பா குழாயைப் பிடுங்கிப் பரணில் போட்டார்.

“கேன் தண்ணி வருதுல்ல? கேஸக் கொளுத்திக்கினு இன்னா வெளாட்டு இது?”

“கேஸக் கொறைக்கத்தான்பா.”

“எதிர்த்துப் பேசாத. நாளைக்கு ஸ்கூல் கண்காட்சிக்கு நீ போவல.”

போவேன். பரணிலிருந்து குழாயை எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டேன். காலையில் முதல் ஷேர் ஆட்டோ.

வாளிதான் பையில் நுழையவில்லை. யாராவது ஒன்று கொண்டுவாருங்கள். உப்புத் தண்ணீருக்கு ஒரகடத்தில் பஞ்சமில்லை.

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். குழாயைக் கொடுக்க மாட்