சுவரில் அடைத்த துளைகள்

பினாங்கில் பூகோளம் சொல்லிக்கொடுப்பதைவிடச் சுலபமான வேலை இல்லை என்று நினைத்துத்தான் ஆசிரியையானேன். எங்கள் பள்ளியே கருங்கல் குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது. நான்காம் படிவ வகுப்பறைக்குப் பின்னால், மண் சரியாமல் இருக்க ஒரு தடுப்புச் சுவர். அதில் வரிசையாகத் துளைகள். மழை பெய்தால் குன்றுக்குள் இறங்கிய தண்ணீர் செம்மண் கலந்து அவற்றின் வழியே வடியும். பாறை எப்படி மண்ணாகிறது என்று காட்ட நான் சன்னலைத் திறந்தால் போதும்.

வகுப்பறைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கார் நிற்கும் அளவுக்கு இடம். நல்ல நிழல். அது துணைத் தலைமையாசிரியரின் காருக்கு மட்டுமே. வேறு யாராவது நிறுத்தினால் தொலைந்தார்கள்.

அப்போதுதான் கல்வி இலாகா அதிகாரி வரப்போவதாகச் செய்தி வந்தது. அதிகாரி வருகிறார் என்றால் எங்களுக்குத் தெரிந்த ஒரே பாடத்திட்டம் பெயிண்ட். பூந்தொட்டிக்கு அடித்தார்கள், மரத்துக்கு அடித்தார்கள். என் பாறைப் பெட்டியையும் விடவில்லை. எல்லாக் கல்லுக்கும் வார்னிஷ் பூசியதில் எது குவார்ட்ஸ், எது ஃபெல்ட்ஸ்பார் என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. கடைசியில் சுவருக்கும் பச்சை அடித்தார்கள். மறுநாள் மழையில் அந்தப் பச்சையின் மேல் செம்மண் கோடுகள் வழிந்தன. துணைத் தலைமையாசிரியருக்கு மனசு ஆறவில்லை. ஆளை வரவழைத்து எல்லாத் துளைகளையும் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டார்.

எங்கள் பள்ளியில் பாடம் மலாயில் நடக்கும், சந்தேகம் தமிழில் வரும். அன்று முன்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள்.

“டீச்சர், ஓட்டைய அடைச்சிட்டா தண்ணி எங்க போவும்?”

 நேராகத் துணைத் தலைமையாசிரியரிடம் போனேன்.

“சார், அந்த ஓட்டைங்கள தொறந்து விடணும். தண்ணி தேங்குனா சுவரு பிள்ளைங்க மேல வந்துரும்.”

“ஒங்களுக்கு எல்லாமே பாடம்தான் லா, டீச்சர். ஆபிசர் வந்துட்டுப் போகட்டும், பாத்துக்கலாம்.”

“அதுக்குள்ள மழை பெஞ்சா?”

“குடை பிடிங்க,” என்று சொல்லி, தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

அதிகாரி வரவேண்டிய நாளுக்கு முந்தைய இரவு மழை கொட்டித் தீர்த்தது. காலையில் பார்த்தால் பச்சைப் பெயிண்டில் குறுக்கே ஒரு விரிசல். சுவர் லேசாக வயிறு தள்ளியிருந்தது. துணைத் தலைமையாசிரியர் வந்து பார்த்தார். கைமுட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார்.

“பெயிண்ட்தான் வெடிச்சிருக்கு. ஒன்னுமில்ல. பிள்ளைங்கள பயமுறுத்தாம கிளாஸ நடத்துங்க.”

 உள்ளே போய்ப் புத்தகத்தைத் திறந்தேன். வகுப்பில் ஒருவரும் புத்தகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“டீச்சர், சாரு காடிய எடுக்கறாரு.”

ஆமாம். நிழலில் நின்ற காரை அவரே பின்னுக்கு எடுத்து, கேட்டுக்குப் பக்கத்தில் கொளுத்தும் வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

“எல்லாரும் புத்தகப் பையத் தூக்குங்க,” என்றேன்.

அதிகாரிக்காகத் தோரணம் கட்டி, சோபா போட்டு வைத்திருந்த மண்டபத்தில் என் வகுப்பை உட்காரவைத்தேன். சற்று நேரத்தில் துணைத் தலைமையாசிரியர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“யாரக் கேட்டு கிளாஸ மாத்துனீங்க?”

“ஒங்க காடியத்தான் சார்,” என்றேன்.