குப்பண்ணன் சேர்த்துவிட்ட காலேஜ்

கேரள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் குப்பண்ணனுக்கு இரண்டு வேலை. கடலை போடுவது ஒன்று, தனக்கு மலையாளம் தெரியும் என்று பீற்றிக்கொள்வது இன்னொன்று. கடலையாவது எப்போதாவது விளைந்தது. தாலூக்கா ஆபீஸ் பியூன் வெளியே போகச் சொன்னால்கூட, உள்ளே கூப்பிட்டுப் பேசினான் என்று வீட்டில் வந்து அளப்பார். மனைவி மருதாத்தாளுக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

எழுபத்து நாலில் மகள் கமலாத்தாள் பத்தாவது தேறினாள். டாக்டராகியே தீருவேன் என்றாள். பாலக்காட்டில் ஞானோதயம் காலேஜில் பிரீ டிகிரியில் டாக்டர் படிப்புக்கு வேண்டிய செகண்ட் குரூப்பும் கிடைத்தது. வெள்ளிக்கிழமைதான் சேரக் கடைசி நாள். பாவம், பெண்ணுக்கு அம்மை போட்டிருந்தது. குப்பண்ணன் மட்டும் கிளம்பினார்.

"ஏனுங்க, ஆரையாச்சும் கேட்டுட்டுப் போங்க," என்றாள் மருதாத்தாள்.

"கேக்கறதுக்கு நானென்ன நேத்து வந்தவனா? பலகையவே படிச்சுப்போடுவேன்."

படித்தார்! பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே துணிக்கடை மாடியில் 'ஞானோதயா காலேஜ்' என்றிருந்தது. 'ம்' போய் 'யா' வந்தது அந்த மகானுக்குத் தெரியவில்லை. மாடியில் இருந்தவர் ஒளிக்காமல்தான் சொன்னார்: "இது சமாந்தர காலேஜாணு." நிஜக் காலேஜில் இடம் கிடைக்காதவர்களுக்கு நடத்தும் டுட்டோரியலுக்கு அங்கே அதுதான் பெயர். குப்பண்ணன் காதில் அது 'சமான தரம்' என்று விழுந்தது. ரெண்டும் ஒரே தரம்தானே என்று மகளைச் சேர்த்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஊர் வந்தார்.

அம்மை இறங்கியதும் கமலாத்தாள் காலேஜுக்குப் போனாள். அங்கே சரித்திரமும் பொருளாதாரமும்தான் நடந்தன. லேப் கிடையாது. ஓட்டமும் நடையுமாக நிஜக் காலேஜுக்குப் போய்க் கேட்டாள். அவளுடைய இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து தலையிலடித்துக்கொண்டு அழுதாள்.

"தவளை அறுக்கறதுக்கு ஒரு காலேஜா? நம்ம வாய்க்கால்ல இல்லாத தவளையா?" என்றார் குப்பண்ணன். அட, வெட்கங்கெட்ட மனுஷா!

அதோடு விட்டாரா? படிப்புத்தான் இல்லையே என்று, பொள்ளாச்சியிலிருந்து பெண் பார்க்க ஆட்களை வரவழைத்தார். வந்தவர்களிடம், "என்ற புள்ள ஞானோதயால படிக்குதுங்க," என்று கூசாமல் பெருமை வேறு.

மருதாத்தாள் காப்பித் தட்டோடு வந்தாள். "கலியாணப் பேச்சு இப்ப வேண்டாமுங்க. வர்ற வருசம் புள்ளைய நிஜக் காலேஜ்ல சேத்தோணும்," என்றாள் வந்தவர்களைப் பார்த்து.

"ஆரு கூட்டிட்டுப் போறது?" என்று உறுமினார் குப்பண்ணன்.

"நான்தானுங்க. எனக்கு மலையாளம் தெரியாது. நாலு பேரைக் கேட்டுத்தான் போவேன்."